ரோதைமுனி எஞ்சினில் வைத்த கை

ருவான்வெல்லைக்கு மேலே இருக்கிற அந்த ரப்பர்த் தோட்டத்தில் கஜேந்திரன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கப்பல்காரர் வீடு என்று கேட்டால் உடனே மேட்டு லயத்து வரிசை வீடுகளைக் கை காட்டிவிடுவார்கள். கப்பலுக்கும் அவருக்கும் என்ன ஒட்டு என்றால் ஒன்றுமில்லை. மனிதர் ஐம்பதைத் தாண்டியும் ஒரு தோணியில்கூட ஏறியதில்லை. மகள் ஷாமிளாவுக்குக் கல்யாணச் சேலை எடுக்கக் கொழும்புக்குப் போனபோது காலிமுகத்திடலில் கொஞ்ச நேரம் நின்றார். கடலைப் பார்த்தது அவ்வளவுதான். அப்போதும் அலையைப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற சரக்குக் கப்பலைப் பார்த்து, இதெல்லாம் டீசல் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது நீராவிக் கப்பல். சுவிற்சர்லாந்து ஏரிகளில் நூறு வயது தாண்டிய சக்கரக் கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. நடுத்தளத்தில் எஞ்சினை மூடாமல் விட்டு, சுற்றிக் கம்பி அடித்து, சனங்கள் குனிந்து பார்க்கிற மாதிரி வைத்திருப்பார்கள். பித்தளை பளபளக்கும். பிஸ்டன் தண்டுகள் ஏறி இறங்கும். பென்சன் எடுத்த கிழவர்கள் சம்பளம் இல்லாமல் வந்து, எண்ணெய்க் குவளையும் துணியும் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல அதைத் துடைப்பார்கள். தோட்டத்து ஸ்டோரில், அதாவது ரப்பர் பேக்டரியில், வேலை முடிந்து வந்து கஜேந்திரன் போனில் இதைத்தான் பார்ப்பார். ஒரே கப்பலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். பெண்சாதி தர்மிளா, அந்தக் கப்பலில் இவருக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறதாக்கும் என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அவள் காலையில் பால் வெட்டப் போய், மத்தியானம் வாளி சுமந்து வந்து, இரண்டு வேளைச் சோறும் ஆக்குகிறவள். அவளுக்குப் பேச உரிமை உண்டு.

இந்தப் பைத்தியம் போனில் பிடித்ததல்ல. தோட்டத்தின் பழைய ஸ்டோரில் பிடித்தது. இப்போதைய ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைத்து ரோலரில் அழுத்தி சீட் எடுக்கிறார்கள். கஜேந்திரன் அங்கே பிட்டர். அதற்குப் பின்னால், கூரை பாதி போன பழைய கட்டடத்தில், ஒரு நீராவி எஞ்சின் நின்றது. சின்ன சிலிண்டர் ஒன்று, பெரிய சிலிண்டர் ஒன்று. ஏதோ ஒரு காலத்துத் துரை, உடைத்த படகொன்றிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து ரோலர் ஓட்டினாராம். அது படகில் இருந்ததுதான் என்று கஜேந்திரனுக்குச் சந்தேகமே இல்லை. பின்பக்கம் ஓட வைக்கிற கைப்பிடி அதில் இருந்தது. ரப்பர் சீட்டைப் பின்பக்கம் ஓட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அது ஓடி யாரும் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை.

இரும்புக்காரன் கண்ணில் படாமல் இத்தனை காலம் அது எப்படித் தப்பியது என்றால், ரோதைமுனியால். ரோதை என்றால் சக்கரம்; மிசின் சுற்றுகிற இடத்தில் முனி இருக்கும். கவனிக்காமல் விட்டால் கையையோ உயிரையோ எடுத்துவிடும். அதனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கல்லும் சூலமும் நட்டு, வருசத்துக்கு ஒரு சேவல், ஒரு போத்தல், ஒரு சுருட்டு. வெள்ளைக்காரர்கள் சங்கம் வைத்துக் காப்பாற்றியதை இங்கே முனி தனியாளாகக் காப்பாற்றியது. பழைய இரும்பு வாங்க வந்தவர்கள் சூலத்தைக் கண்டு திரும்பிப் போனார்கள். அப்பாவுக்குப் பிறகு பூசை கஜேந்திரன் கைக்கு வந்தது. எஞ்சினைக் கழுவி, எண்ணெய் போட்டு, சின்ன சிலிண்டரின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பிறகு அந்தப் பொட்டின் மேலேயே உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். அதற்குக் கை கொடுப்பது என்று பெயர். புது ரோலர் ஓட்டினாலும் பூசை செய்கிறவர் இப்படித்தான் பொட்டின் மேல் கை வைத்து, ஓட்டம் நிதானமாகும் வரை எடுக்காமல் நிற்க வேண்டும். அப்போதுதான் முனி அந்த மிசினை ஏற்றுக்கொள்ளும்.

கஜேந்திரன் பாதி முனிக்காகவும் பாதி எஞ்சினுக்காகவும் கை கொடுத்தார். என்றைக்காவது ஒரு நாள் இது உள்ளங்கைக்குக் கீழே அதிரும் என்று நினைத்துக்கொள்வார். நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

பிறகு சீனி வருத்தம், சர்க்கரை வியாதி, வந்தது. லயத்தில் அது வராத வீடு எது? இவர் மாத்திரையை ஞாபகம் வந்தால் போட்டார், வராவிட்டால் இல்லை. முதலில் பாதம் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததை அடுத்த வளைவில்தான் கண்டுபிடிப்பார். அப்புறம் விரல்கள். நட்டு கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் தூக்கி வைத்தார். தர்மிளா பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஊசி முனையால் குத்திக் குத்திக் கேட்டார். தெரியவில்லை, தெரியவில்லை என்று இவர் சொல்லிக்கொண்டே வந்தார். நரம்பு போய்விட்டது, இனி நெருப்பிலும் சுடு தண்ணீரிலும் கவனம் என்று சிங்களத்தில் சொல்லி, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். தர்மிளா அதோடு விடவில்லை. முனிக்கு ஏதோ குறை வைத்துவிட்டீர்கள் என்று மணிக்கட்டில் கறுப்பு நூலும் கட்டினாள். மாத்திரையைத் தவறாமல் போட்டிருந்தால் நூலுக்கு வேலை இருந்திருக்காது. இதை யார் அவளிடம் போய்ச் சொல்வது?

ஸ்டோரில் அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ரோலர் பக்கம் விடமாட்டார்கள்.

ஆனால் விரலில் தொடங்கியது விரலோடு நிற்கவில்லை. எப்படி ஏறியதோ, உள்ளேயும் ஏறியது. ஷாமிளா பிள்ளை பெற்ற செய்தி போனில் வந்தபோது நல்லது என்று சொல்லிவிட்டு, கழுவிக்கொண்டிருந்த தட்டைத் தொடர்ந்து கழுவினார். மச்சான் செத்தபோது பாடை கட்டினார், தூக்கினார், வந்து குளித்தார். அழுகை வரவில்லை. போனில் சக்கரக் கப்பல் அதே மாதிரி ஓடியது. இவர் பார்த்தார். சிலிர்க்கவில்லை. ஏதோ கடனுக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பயம்கூட, ஊரில் யாருக்கோ வந்த பயம் மாதிரித் தூரத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் றம்ஸீன் வந்து சேர்ந்தார். ருவான்வெல்லைக் கடைத்தெருவில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறவர். கஜேந்திரனை விடச் சின்னவர்தான், ஆனாலும் முதலாளி என்பதால் கஜேந்திரன் அவரை, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றே கூப்பிடுவார். இருவரையும் சேர்த்தது ஒரு பெல்ட் வாங்கப் போன இடத்தில் றம்ஸீனின் போனில் ஓடிக்கொண்டிருந்த நீராவிக் கப்பல். அன்று கடை பூட்டும் வரை பேசினார்கள். றம்ஸீனுக்குக் கொழும்பில் இதே பைத்தியம் பிடித்த சில கூட்டாளிகள் இருந்தார்கள். ரயிலில் வேலை செய்து ஓய்ந்தவர் ஒருவர், துறைமுகத்தில் இருந்தவர் ஒருவர், இப்படி. அவர்கள் களனி ஆற்று முகத்துவாரம் பக்கம் சேற்றில் கிடந்த ஒரு பழைய இரும்புப் படகை எடுத்து, துரு சுரண்டி, தகடு மாற்றி வைத்திருந்தார்கள். பழையபடி நீராவியில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. கொதிகலன் ஒன்று செய்வித்துவிட்டார்கள். எஞ்சின்தான் இல்லை.

தோட்டத்து எஞ்சினை இப்போதைய துரை, தோட்டத்து மேனேஜர், கொடுக்கச் சம்மதித்தார். சனம் சம்மதிக்கவில்லை. தூக்க வந்த லொறியை மறித்துக்கொண்டு, முனியைக் கேட்காமல் ஒரு ஆணி கழற்றக் கூடாது என்று பெண்கள் நின்றார்கள். சரி என்று பூக் கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது. போகலாம் என்று அர்த்தம். ஆனால் ஒரு பேச்சு வைத்தார்கள். புது இடத்தில் எஞ்சின் முதன்முதல் ஓடும்போது கஜேந்திரன் வந்து கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முனி இங்கேயும் இருக்காது, அங்கேயும் போகாது, நடுவழியில் யாரையாவது பிடிக்கும். றம்ஸீன் தொழுகை தவறாத மனிதர். இருந்தும் தலையாட்டினார். அவருக்கு எஞ்சின் வேண்டும்.

கஜேந்திரனுக்கு அந்த நிமிசம் துள்ளிக் குதிக்க வேண்டிய நிமிசம். துள்ளவில்லை. ஆனால் ஒரு எண்ணம் மட்டும் வந்து உட்கார்ந்தது. உயிரோடு ஓடுகிற எஞ்சினில் கை வைத்தால் ஏதாவது தெரியும். ரோலரில் தெரியாதது, பேரப்பிள்ளையின் கன்னத்தில் தெரியாதது, அதில் தெரியும். அதிலும் தெரியாவிட்டால் இனி எதிலும் தெரியாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதையும் றம்ஸீனிடம் சொல்லவில்லை. சொன்னால் நானா பாவம் பார்த்து, நீங்கள் கரையில் நில்லுங்கள் அண்ணே என்பார்.

பூட்டி முடிக்க மழைக்காலம் ஒன்று கழிந்தது. ஓட்டுகிற நாளில் லயத்திலிருந்து ஒரு வேன் நிறைய சனம் கிளம்பியது. தர்மிளாவும் வந்தாள். இந்தச் சக்களத்தியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் வந்தாள்.

படகு பச்சைப் பெயின்ட் அடித்துத் தண்ணீரில் கட்டியிருந்தது. நடுவில், மூடாமல், எஞ்சின். கஜேந்திரன் ஏறியபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. முதன்முதலாக ஒரு படகில் கால் வைத்திருக்கிறார். பாதத்துக்கு அது தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. தர்மிளாவும் ஏறிப் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். சிலிண்டர்களின் உடம்பைச் சுற்றித் தேக்குப் பட்டிகள் கட்டியிருந்தார்கள், சூடு வெளியே போகாமலிருக்க. தலை மட்டும் வெறும் இரும்பு. அவர் சந்தனத்தைக் குழைத்து அந்தத் தலையில் பொட்டு வைத்தார். அப்போது எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. எலுமிச்சை வெட்டினார். ரயில்காரர் விறகு தள்ள, கொதிகலனில் அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது. நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு எஞ்சினைச் சூடாக்கினார்கள். பொட்டு காய்ந்து, ஓரம் வெடித்து, கருகியது. சனம் அதைப் பார்க்கவில்லை. கஜேந்திரன் பார்த்தார்.

பார்த்தவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். எத்தனை கப்பலைப் பார்த்தவர்! ஓடுகிற எஞ்சினில் சிலிண்டரின் தலை அடுப்பு மாதிரி என்று அவருக்குத் தெரியும். ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்கே அப்பாவும் இவரும் காலம் முழுக்கக் கை கொடுத்து வந்தார்கள். பொட்டு வைக்கிற இடம் அதுதான், கை கொடுக்கிற இடமும் அதுதான். வேறு இடத்தில் வைத்தால் சனம் ஒத்துக்கொள்ளாது. சுட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். கை சொல்லும் என்று நம்பித்தானே நெருப்பின் பக்கம் கையைக் கொண்டுபோகிறோம்.

றம்ஸீன் நீராவி வழியைத் திறந்தார். எஞ்சின் ஒரு தரம் பெருமூச்சு விட்டது. தண்டு ஏறியது, நின்றது, பிறகு இறங்கியது. கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். கஜேந்திரன் பொட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

ஒன்றுமில்லை.

இன்னும் வேகம் எடுக்கவில்லை என்று நினைத்தார். தண்டுகள் இப்போது ஒழுங்காக ஏறி இறங்கின. தண்ணீர் பின்னால் நுரைத்தது. எண்ணெய் வாசமும் நீராவி வாசமும் கலந்து வந்தன, போனில் வராத வாசம். கண்ணை மூடினார். கையை இன்னும் அழுத்தினார். முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். சுடவும் இல்லை, அதிரவும் இல்லை. ஒரு துணி மூட்டையின் மேல் கை வைத்த மாதிரிகூட இல்லை. கை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றார்.

வேறு ஒரு வாசம் வந்தது. றம்ஸீன் திரும்பிப் பார்த்து, பாய்ந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கை உடனே வரவில்லை.

"அண்ணே, கை வேகுது. ஒங்களுக்கு வெளங்கல்லையா?"

கஜேந்திரன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் வெள்ளையாகவும் நடுவில் கறுப்பாகவும் இருந்தது. யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். றம்ஸீன் எஞ்சினை நிறுத்தவும் மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எப்பேந்து இப்படி என்று மெதுவாகக் கேட்டார். ரெண்டு வருசம் இருக்கும் நானா என்று இவர் சொன்னார். றம்ஸீன் திட்டவில்லை. அழுக்குத் துணியை எறிந்துவிட்டுத் தன் சட்டையைக் கழற்றி நனைத்து அந்தக் கையைச் சுற்றினார். இனி இந்த எஞ்சின் பக்கம் தன்னை விடமாட்டார் என்பது கஜேந்திரனுக்கு அந்தச் சட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது.

கரையில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. கொதிக்கிற இரும்பில் கை வைத்துக்கொண்டு ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றார், முனி இறங்கியிருக்கிறது என்று கும்பிட்டார்கள். வேனில் வந்த கிழவர் ஒருவர் கால் தொடக் குனிந்தார். சின்னப் பையன்கள் போட்டோ எடுத்தார்கள். கஜேந்திரன் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. படகிலிருந்த தர்மிளா ஒருத்திதான் கும்பிடவில்லை. அவள் அவருடைய மணிக்கட்டிலிருந்த கறுப்பு நூலை வாயால் கடித்து அறுத்துத் தண்ணீரில் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இரண்டு விரல் தேறுமா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்று அனுப்பினார்கள். வேன் முன்னமே போய்விட்டது. அவிசாவளை பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். ஜன்னல் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். அவருக்குத் துக்கமாக இருந்திருக்க வேண்டும். துக்கம் என்று ஒன்று எங்கோ இருந்தது, அவ்வளவுதான். கடுவலை தாண்டியதும் அவரே கேட்டார்.

"நீ படகுல அந்தப் பலகையில ஒக்காந்திருந்தியே. எஞ்சின் ஓடயில எப்புடி இருந்துச்சு?"

தர்மிளா ஏதோ கிண்டலாகச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். எஞ்சினைப் பற்றிச் சொல்ல அவளிடம் வார்த்தை கிடையாது.

"பலகை வழியா வந்துச்சுங்க. ஒடம்பு பூரா. ஷாமிளா வயித்துல இருக்கயில முட்டுவாளே, அந்த மாதிரி. உள்ளுக்குள்ள ஒரு உசிரு திரும்பிப் படுக்கிற மாதிரி. நீங்கதான் கை வச்சுப் பாப்பீங்களே, ஞாபகம் இல்லையா?"

கஜேந்திரன் ஞாபகத்தில் தேடினார். காம்பரா தெரிந்தது. குப்பி விளக்கு தெரிந்தது. அவள் சேலையை விலக்கியதும், தான் கை வைத்ததும் தெரிந்தன. கைக்குக் கீழே என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"ஞாபகம் இருக்கு," என்றார்.

பஸ் வளைவுகளில் ஆடிக்கொண்டு போனது. வெளியே ரப்பர் மரங்கள் தொடங்கிவிட்டன. வெகுநேரம் கழித்து, இறங்குமிடம் வருகிறதா என்று பார்க்கத் திரும்பியவர் தற்செயலாக மடியைப் பார்த்தார். கட்டுப் போடாத கையைத் தர்மிளா தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.